ஐந்து பேரின் அலுமாரி

காலை ஆறு மணிக்குக் கொழும்பில் ஏறிய பஸ், ஏறக்குறைய இருநூற்றறுபது கிலோமீற்றர் ஓடி, பகல் ஒன்றரைக்கு என்னைத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறக்கியது. பழக்கடை வாசலில், ஊருக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று வாழைப்பழத் தோலுக்காக வாடிக்கையாளர்போல் காத்து நின்றது. என் புத்தி எங்கே போனதோ, அதைப் படம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பஸ் என் பெட்டியோடு புல்மோட்டைக்குப் போய்விட்டது.

பெட்டிக்குள் புதுச் சாறி. அன்று மாலை ஐந்து மணிக்கு மகளை விரும்பும் பையனின் வீட்டுக்குப் போகவேண்டும். பிள்ளைகள் இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். அவனுடைய தாய்க்கு எங்களைப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான் மிச்சம். நானோ பஸ்ஸில் கசங்கிய பருத்திச் சாறியில் நின்றேன்.

உவர்மலைக்கு ஓட்டோ முந்நூறு ரூபாய். பையனின் வீட்டாரை எங்களுக்கு அறிமுகப்படுத்திய சாந்தி அங்கேதான் இருக்கிறாள். ஒருகாலத்தில் என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவள். சின்ன வீடு. பழைய சாறியில் தைத்த திரைச்சீலை, ஊறுகாய்ப் போத்தலில் ஒரு கொப்பு போகன்விலா, யன்னலுக்கு வெளியே துறைமுகம். யன்னலோரக் கதிரையில் இருந்தபோது ஏதோ பெரிய ஹோட்டலில் இருப்பதுபோல் இருந்தது.

சாந்தி எங்கெங்கோ தொலைபேசி எடுத்துக் கொண்டக்டரைப் பிடித்தாள். பெட்டி நாளைக் காலை பஸ்ஸில்தான் வருமாம்.

“அழாதை. முதல்ல சாப்பிடு,” என்று பாரை மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் போட்டாள். பிறகு அலுமாரியைத் திறந்தாள். பட்டும் கைத்தறியுமாக ஒன்பது சாறிகள், ஒவ்வொன்றும் ஒரு அழகு.

“எல்லாம் உன்னுடையதா?”

“எங்கட ஐஞ்சு பேரின்ட. வருசத்துக்கு ஒண்டு, சேர்ந்து வாங்குவம். தேவைப்பட்டவ கட்டிப்போட்டு, தோய்ச்சுக் கொண்டுவந்து வைப்பா. எல்லாரிட்டையும் இருக்கிற மெரூன் பிளவுஸுக்குப் பொருந்தாத சாறியை மட்டும் வாங்க மாட்டம்.”

அதிர்ஷ்டம், நான் போட்டிருந்ததும் மெரூன். மயில்நீலப் பட்டு ஒன்றை எடுத்துத் தந்தாள். அந்த ஐந்து பேர் யார் யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குச் சாந்தியும் கூடவே வந்தாள். பையனின் தாய் தேத்தண்ணீர் தந்துவிட்டு என்னையே பார்த்தார். “வடிவான சாறி. எங்க வாங்கினனீங்கள்?”

கௌரவம் பாழாய்ப்போக. “கொழும்பில, வெள்ளவத்தையில,” என்றேன்.

“ஓமோ? முந்தானையில ஒரு சின்னத் தையல் இருக்குமே. என்ட மூத்தவளின்ட கலியாணத்தில ஆணி இழுத்துப்போட்டுது.”

விரல் தானாகப் போய்த் தேடியது. தையல் இருந்தது. மகளின் வாழ்க்கையை ஒரு பொய்யால் கெடுத்துவிட்டேனே. சாந்தி கோப்பைக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ட பெட்டி புல்மோட்டைக்குப் போட்டுது. இது இரவல்,” என்றேன்.

“அதுக்கேன் கண் கலங்குறீங்கள்? இதை முதல் கட்டின நாள் நானும் கண்டியில வாங்கினதெண்டு சொன்னனான். பயத்தம் பணியாரம் எடுங்கோ. பிள்ளை எப்ப வருவா?”

அந்த மனுசிக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? பணியாரம் நாலு சாப்பிட்டேன்.

மறுநாள் பெட்டி வந்தது. என் புதுச் சாறியைச் சாந்தி மெரூன் பிளவுஸோடு வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அதைப் பத்தாவதாக அந்த அலுமாரியில் வைத்துவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினேன். இங்கே என் அலுமாரியில் முப்பதுக்கு மேல் சாறிகள். எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒன்றையாவது அடையாளம் காண ஆளில்லை.

போன கிழமை பையனின் தாய் ஒரு படம் அனுப்பினார். ஏதோ கலியாண வீட்டில், என் சாறியில், என்னைவிட எடுப்பாக நிற்கிறார். கூடவே அவருடைய குரல்: “எங்க வாங்கினதெண்டு எல்லாரும் கேட்டவை. சம்பந்தி வீட்டிலயெண்டு சொன்னனான்.”