எபராமாவின் இடது கை

மாலை நான்கு மணிக்குப் படகைக் கட்டிவிட்டு எபராமா முதல் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே போகமாட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆளைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்துக் கேட்பார்: "என் கை இன்னைக்கு எங்க இருக்கு?"

உள்ளேயிருந்து பதில் வரும். "காலையில மேட்டுத் தோட்டத்துல இருந்துச்சு. இப்ப பள்ளிக்கூடத்து மைதானத்துல ஓடிக்கிட்டிருக்கும்." எபராமா தலையை ஆட்டிவிட்டு மைதானத்துப் பக்கம் நடப்பார். அவருடைய இரண்டு கைகளும் அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டு கூடவே போகும்.

தவேயுனித் தீவில் அரசுப் படகின் சுக்கானை இருபத்தாறு வருடமாகப் பிடிப்பவர் அவர். எடை நூற்று முப்பத்தோரு கிலோ. அவர் பின்னால் உட்கார்ந்தால் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்னால் உட்காருகிறவர்கள் மேகத்தைப் பார்த்தபடியே அடுத்த தீவுக்குப் போய்ச் சேர்வார்கள். தேநீருக்குச் சர்க்கரை போடும்போது எண்ணும் வழக்கம் கிடையாது. கரண்டி தானாக நிற்கும்வரை போடுவார். மரவள்ளிக் கிழங்குக்கு டப்பா மாட்டிறைச்சியைத் தொட்டுக்கொள்வார். பிறகு டப்பா மாட்டிறைச்சிக்கு மரவள்ளியைத் தொட்டுக்கொள்வார். இரண்டும் வேறு வேறு சாப்பாடு என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் கயிறு கட்டும் காலணி. அதை மனைவி உனைசிதான் கட்டிவிடவேண்டும், அவருக்கும் காலணிக்கும் நடுவே வயிறு இருந்தது.

"உன் காலை நீ கடைசியா எப்ப பாத்த?" என்று கேட்பாள் உனைசி, முடிச்சை இறுக்கிக்கொண்டே.

"இருக்குன்னு நீதான் வாராவாரம் சொல்றியே. அது போதும்."

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியது ஒரு சொட்டு ரத்தம். சுக்கான் பிடிக்கும் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில், சர்க்கரை கோட்டுக்கு மேலே எங்கேயோ நின்றது. அறுபது நாளில் கோட்டுக்குக் கீழே வந்தால் உரிமம். வராவிட்டால் சுக்கான் தலைநகர் சுவாவிலிருந்து வரும் ஒரு பையனுக்கு. அவன் கடலைக் காகிதத்தில் படித்தவன். பவளப்பாறை எந்த இடத்தில் மூச்சுவிடும் என்று அவனுக்கு என்ன தெரியும்?

நர்ஸ் லூசியானா அவரை ஊரின் அறுபது நாள் ஆரோக்கியச் சவாலில் சேர்த்துவிட்டாள். ஒரு மஞ்சள் அட்டை. நாளுக்கு ஐந்து கட்டம். எட்டுக் குவளைத் தண்ணீர், இரண்டு கை கீரை, சர்க்கரையில்லாத தேநீர், ஒன்பது மணிக்குப் படுக்கை, பத்தாயிரம் அடி நடை. அடியை எண்ணுவதற்கு இடது கையில் ஒரு ரப்பர் பட்டை. நள்ளிரவானால் அது எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் மாலை ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து எண்ணை அட்டையில் எழுதவேண்டும். மூன்று நாள் கட்டம் வெறுமையாக இருந்தால் சவாலிலிருந்து பெயர் அடிக்கப்படும். மறுநாளே சுவாவுக்குக் கடிதம் போகும்.

மூன்று நாள் பட்டை அவர் கையில் இருந்தது. மொத்தம் ஆறாயிரம் அடி, அதில் பாதி தேநீரைக் கலக்கியது.

நான்காம் நாள் யங்கோனா என்னும் வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அவருடைய மச்சான் வைசாலே அந்தப் பட்டையைப் பார்த்தான். "நல்லா இருக்கே மச்சான்" என்றான். எபராமா கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். வைசாலே எட்டிப் பார்த்து, "எனக்குச் சரியா இருக்கும்போல" என்றான். அவ்வளவுதான். இந்தத் தீவில் மச்சான் வாய்விட்டுக் கேட்டதை மறுக்கிறவன் ஊரைவிட்டே போய்விடலாம். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவன் போகிற வழியில் முகத்தையும் மூடிக்கொள்ளவேண்டும். எபராமா கழற்றிக் கொடுத்தார்.

"உசுரு போற விஷயத்தைக் கழட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிற" என்றாள் உனைசி.

"மச்சான் கேட்டுட்டானே."

"நாளைக்குச் சுக்கானைக் கேப்பான். அதையும் குடு."

திரும்பக் கேட்கக் கூடாதே தவிர, போய்ப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மறுநாள் மாலை எபராமா வைசாலேயின் சேம்புத் தோட்டம்வரை மலையேறி, மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து, வேலிக்கு வெளியே நின்று எண்ணைக் கேட்டார். முப்பத்தோராயிரம். இறங்கி வந்து எழுதினார். லூசியானா அட்டையையும் பார்த்தாள், அவருடைய வயிற்றையும் பார்த்தாள்.

வைசாலேவுக்கும் மச்சான்கள் உண்டு. பட்டை கிளம்பிவிட்டது. ரக்பி அணியின் ஓட்டக்காரனிடம் ஒரு வாரம். வலைப்பந்துக்காரிகளிடம் ஐந்து நாள். ஒருநாள் எண் பன்னிரண்டு என்று வந்தது. பட்டை படுக்கையில் கிடந்த பெரிய அத்தையிடம் போயிருந்தது. எபராமா சன்னலுக்கு வெளியே நின்று, சுக்கான் போகப்போகிற கதையைக் கண்ணீரோடு சொன்னார். அத்தை மனமிரங்கி விசிறியை எடுத்தாள். ஆறு மணிக்குள் ஒன்பதாயிரத்து நானூறு அடி விசிறினாள்; அந்தக் காற்றில் கொடியில் காய்ந்த துணி மூன்று வீடு தள்ளிப் போய் விழுந்ததாக இன்றும் சொல்கிறார்கள். இன்னொரு நாள் யாரோ அதைக் கொப்பரை மூட்டை சுமக்கும் குதிரையின் முன்னங்காலில் கட்டிவிட்டார்கள். ஐம்பத்தெட்டாயிரம். அந்த வாரத்தின் சிறந்த நடையர் என்று எபராமாவின் பெயரை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினார்கள். குதிரையின் பெயரை ஒட்டவில்லை.

எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும் "வா, சாப்பிடு" என்று கூப்பிடும் ஊர் அது. சாதாரணமாக எபராமா அந்த வார்த்தை முடிவதற்குள் பாயில் இருப்பார். இப்போது முடியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால், கொடுத்ததைத் திரும்ப வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார்களே. தேங்காய்ப்பாலில் வெந்த மீன் மணக்கும். அவர் மூக்கை மூடிக்கொண்டு எண்ணை வாங்கி நடையைக் கட்டுவார். நாளுக்கு மூன்று வீடு, நான்கு வீடு. மானம் அவரைப் பட்டினி போட்டது.

இரண்டு கட்டம் வெறுமையாகிவிட்டது. முதல் தடவை பட்டை மூங்கில் தெப்பத்தில் மீன்பிடிக்கப் போய்விட்டது. இரண்டாம் தடவை ஒரு கல்யாணத்துக்காகப் பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டது. இன்னும் ஒன்று போனால் சுக்கான் போச்சு. எபராமா யோசித்தார். தீவின் வாயேவோவில் பூமியின் தேதிக்கோடு போகிற இடம் என்று ஒரு பலகை நட்டிருக்கிறது: இந்தப் பக்கம் இன்று, அந்தப் பக்கம் நேற்று. பலகைக்கு அந்தப் பக்கமாகவே நூற்றிருபது தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு அட்டையோடு போய், நேற்றைய கட்டத்தில் பன்னிரண்டாயிரம் எழுதச் சொன்னார்.

லூசியானா கூடவே வந்து பலகையைப் பார்த்தாள். தேய்ந்த புல்லைப் பார்த்தாள்.

"நேத்து நடந்ததுக்கு இன்னைக்கு ஏன் பெரியப்பா மூச்சு வாங்குது?"

கட்டம் வெறுமையாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவர் நான்கு மணிவரை காத்திருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே ஒருமுறை போய்க் கை எந்தத் திசையில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தார்.

அறுபதாம் நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஊரே கூடியது; எபராமா கோயிலுக்குப் போகும் காலணியில் வந்திருந்தார். லூசியானா மொத்த அடியைக் கூட்டி வாசித்தாள். சுவா இருக்கும் பெரிய தீவைச் சாலைவழியாக இரண்டரைச் சுற்று சுற்றிய தூரம். எல்லோரும் கை தட்டினார்கள். அதிகமாகத் தட்டியது வைசாலே. எபராமா எழுந்தார்.

"அது நான் இல்ல மகளே. நாலாம் நாள்ல இருந்து அது என் கையிலயே இல்ல. அதுல பெரிய பங்கு குதிரையோடது."

"தெரியும் பெரியப்பா. அன்னைக்குப் பட்டை முழுக்கச் சாணி வாசனைன்னு ஊரே சொல்லுச்சு."

"அப்ப ஏன் சும்மா இருந்த?"

"குதிரைக்கா வேலை போகப்போகுது? விரலை நீட்டுங்க."

குத்தினாள். எண்ணைப் பார்த்தாள். வேறு விரலில் குத்தினாள். உனைசி தன் விரலையும் நீட்டிக்கொண்டு நின்றாள், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று. லூசியானா இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். இரண்டும் கோட்டுக்குக் கீழே இருந்தன. தராசில் ஏற்றினாள், நூற்றுப் பதினான்கு.

"என்ன பண்ணீங்க பெரியப்பா?"

"ஒண்ணும் பண்ணல."

"நடந்தீங்களா?"

"எங்க நடந்தேன்? கை எங்க இருக்குன்னு பாத்துட்டுப் பாத்துட்டு வந்தேன். நடக்க எங்க நேரம்?"

லூசியானா அட்டையின் பின்பக்கத்தில் தோட்டம், மைதானம், அத்தை வீடு என்று எழுதித் தூரங்களைக் கூட்டினாள். நாளுக்குப் பதினோரு கிலோமீட்டருக்குக் குறையவில்லை. நடைப் பரிசிலிருந்து அவர் பெயரை அடித்தாள். உரிமத் தாளில் முத்திரை குத்தினாள். பிறகு, சர்க்கரையை அதிகம் இறக்கியவருக்கென்று வைத்திருந்த பரிசை எடுத்து அவர் இடது மணிக்கட்டில் மாட்டினாள். புதுப் பட்டை, நீல நிறம்.

எபராமா உரிமத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். படியில் வைசாலே நின்றுகொண்டிருந்தான். அவன் கண் நீலப் பட்டையின்மேல் இருந்தது. தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்தான், வாயைத் திறந்தான்.

எபராமா படியில் உட்கார்ந்தார். உனைசி வழக்கம்போலக் குனிய வந்தாள். அவளை ஒரு கையால் தள்ளிவிட்டு, தானே குனிந்து, காலணியின் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கிக் கட்டினார்.