வழிவிட்டவர்களைத் தாண்டாத மெசின்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, மொனராகலைக் கரும்புக் காடு, கொழும்புச் சாப்பாட்டுக் கடை என்று திரிந்த நான், தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மூன்று நாள் ஒரு ரோபோவுக்கு பேட்டரி சுமந்தேன். அது கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணுடையது. ஹல்துமுல்லையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். மெசினுக்கு நான்கு சக்கரம், முதுகில் கொழுந்து மூட்டை. யார் மேலும் இடிக்காமல் மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை அது தானாகப் போக வேண்டும். ஒரு தடவை போனால் போதும், அவளுடைய ஆராய்ச்சி முடிந்துவிடும். தோட்டத்தை நடத்தும் துரை கொடுத்தது மூன்றே நாள்.

இரண்டு நாளாக அது பத்தடி கூடப் போகவில்லை. பாதையில் துரையோ கணக்கப்பிள்ளையோ வந்தால் கொழுந்து பறிக்கும் எங்கள் ஆட்கள் ஓரமாக ஒதுங்கி, அவர் தாண்டும்வரை அசையாமல் நிற்பார்கள். மெசினுக்கும் அப்படியே நின்றார்கள். பாதையோ இரண்டடி. கையெட்டும் தூரத்தில் ஆள் இருந்தால் நில், நகர்ந்த பிறகு போ என்று அதற்கு அவள் எழுதியிருந்தாள். ஆட்கள் மெசினுக்காக நிற்க, மெசின் ஆட்களுக்காக நின்றது.

“என்னா புள்ள, ஒன் மெசினு கல்யாண மாப்ள மாதிரி நிக்குது?” என்றாள் முன்னால் நின்ற அக்கா.

“அத பாக்காதீங்கக்கா. நீங்க பாட்டுக்கு கொழுந்து எடுங்க.”

“மூட்டையோட வாரதுக்கு வழி விடாம நிக்கிறதா? நல்லாருக்கே ஒன் படிப்பு!”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கீழே மடுவத்தில் கம்ப்யூட்டரோடு இருந்தாள். “அது வரும்போது நாலு நெர தள்ளி செடிக்குள்ள போயிருங்க” என்று பெண்களிடம் சொல்லிவிட்டேன். போனார்கள். மெசின் எங்கேயும் நிற்காமல் மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

“பாதையில ஏன் ஒருத்தரும் இல்ல?” என்று கேட்டாள். சொன்னேன்.

“ஆளு இல்லாட்டி எந்த மெசினும் போகும்ணே. அவங்கள அட்ட கடிக்கிற செடிக்குள்ள தள்ளிவிடவா நான் இத்தன வருசம் படிச்சேன்?”

“யாருக்குத் தெரியப் போவுது? அது வந்தது கம்ப்யூட்டர்ல பதிவாயிருச்சில்ல, அதையே அனுப்பி விடு தங்கச்சி.”

என் கண் முன்னாலேயே அந்தப் பதிவை அழித்தாள். மூன்று நாள் சுமந்த தோள் எனக்கு எரிந்தது. மெசினை லொறியில் ஏற்றினேன்.

“அண்ணே, ஒதுங்கி நிக்கிறவங்கள தாண்டிப் போகலாம்னு நான்தான் அதுக்கு எழுதல. அவங்க நிக்கிற மாதிரி பாதையோரமா கொஞ்சம் நில்லுங்க” என்றாள். கோபத்தோடுதான் நின்றேன். என் தோளிலிருந்து பாதை விளிம்பு வரை டேப் பிடித்து அளந்தாள்.