கடைசியில் நிற்கும் விதி

புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். கணினிகளைத் துறைவாரியாகக் குழு பிரித்திருந்தோம். எது வேலை செய்யலாம், எது கூடாது என்ற விதிகள் எல்லாம் ஒரே சர்வரிலிருந்து போகும். செய்முறைத் தேர்வுக்கு முன் முதல்வர் கூப்பிட்டு, எங்கும் பென்டிரைவ் திறக்கக்கூடாது என்றார். எங்கள் கல்லூரியில் தாளாளர் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பழக்கத்தில் நானும் தடையை உச்சியில், கல்லூரி முழுமைக்குமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். பெரிய மேதாவி!

தேர்வன்று ஓர் ஆய்வகத்தில் ஒரு மாணவன் பென்டிரைவிலிருந்து புரோகிராமை அப்படியே இறக்கிப் பிடிபட்டான். பழி ஆய்வக உதவியாளர் தலையில் விழுந்தது. அந்த அறைக் கணினிகளில் தடையை எடுத்துவிடக்கூடிய பாஸ்வேர்டு அவரிடம் இருந்தது. தேங்காய்ப்பட்டணத்துப் பெண், தற்காலிக வேலை. அந்த மாதம்தான் நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். பிடிபட்டவன் அவர் ஊர்க்காரன் வேறு.

"நான் ஒண்ணும் தொறந்து குடுக்கல்ல சார். நீங்களே பாருங்க," என்றார்.

பார்த்தேன். புராஜெக்ட் வேலைக்காக அந்த ஆய்வகக் குழுவுக்கு மட்டும் பென்டிரைவைத் திறந்துவிடும் விதி ஒன்றை முன்பு நானே வைத்திருந்தேன். கணினி மேலே உள்ள விதியை முதலில் எடுத்துக்கொள்ளும், பிறகு தன் குழுவின் விதியை. இரண்டும் முட்டினால் கடைசியில் வந்ததுதான் நிற்கும். அதற்குத் தாளாளரையும் தெரியாது, முதல்வரையும் தெரியாது. மேலே உள்ளதைக் கீழே எதுவும் மீறக்கூடாதென்றால் தனியாக ஒரு டிக் போட வேண்டும். படித்ததுதான். போடவில்லை.

யாரிடமும் சொல்லாமல் டிக்கைப் போட்டு, கணினிகளை அணைத்துத் திரும்பப் போட்டேன். அரை மணி நேரத்தில் முதல்வர் வந்து தன் பென்டிரைவைச் செருகினார். திறக்கவில்லை.

"தடை சரியாட்டுதான இருக்கு? அப்பம் அவதான் தொறந்து குடுத்திருக்கா," என்றார்.

என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை, வேலை போய்விடுமே என்ற பயம். வெறும் கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது.

சாயங்காலம், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அந்த உதவியாளர் ஆய்வகச் சாவியை என்னிடம் ஒப்படைக்க வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"சவத்த விடுங்க சார். நான் சொன்னத ஒருத்தரும் கேக்கல்ல. நீங்க ஒருத்தராவது எனக்காவ இருந்து பாத்தியளே," என்றார்.

நான் தலையாட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.