மேற்குச் சுவரின் ஈரம்

நான் சிவில் படித்தவள். சுவர் ஈரமாக இருந்தால் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பார்ப்பேனே தவிர, எலுமிச்சம்பழம் வாங்க ஓடுகிற ஆள் இல்லை. யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால், முதலில் உங்கள் வீட்டு ஒயரிங்கைச் சரி பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். இப்படிச் சொல்லி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து எங்கே வருவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பாடு.

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவில் பழைய வீடு ஒன்று. ஒரு காலத்தில் நெய் மண்டி வைத்திருந்த குடும்பத்தினுடையது. தேக்குத் தூண், நடுவில் முற்றம், முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பாத்தியம். அண்ணன் முரளி சார் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்த வீட்டை இடிக்காமல் செப்பனிட்டுத் தெருவுக்கே திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிள்ளைகளுக்குப் படிப்பகம், பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற பெண்கள் உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை. தம்பி சேகருக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நான்கு மாடி லாட்ஜ் ஒன்று இருக்கிறது, அதன் முதலாளி கார் நிறுத்த இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அண்ணன் தம்பிக்குள் ஒரு பேச்சு முடிவானது. "தீபத்தன்னிக்குத் தொறந்துடுங்கண்ணா, நானும் கையெழுத்துப் போட்டுடறேன். அன்னிக்கும் மண்ணும் மட்டையுமா கெடந்துச்சுன்னா லாட்ஜுக்காரருக்குக் குடுத்துடுவேன், அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார் சேகர். வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியவள் நான்.

வேலை பாதியில் இருக்கும்போது என் அம்மா போய்விட்டாள். ஐப்பசியில். ஊரை ஒட்டின வேங்கிக்காலில் எங்கள் வீடு, அதில் நானும் அவளும் மட்டும்தான். வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, வருஷக்கணக்கில் படுக்கை. வாய் கோணிப்போனதால் பேச்சும் குழறல்தான், எனக்கு மட்டும்தான் புரியும். கார்த்திகைத் தீபத்தை டிவியில் காட்டுவார்கள் இல்லையா, நான் ஏதாவது எடுக்கக் குறுக்கே போனால் இடது கையால் என் தோளைத் தள்ளி, தள்ளிக்கோ, மறைக்குது என்பாள். ஊரெல்லாம் மலையைப் பார்க்க வருகிறது, மலைக்குக் கீழேயே இருந்துகொண்டு அவள் டிவியில் பார்த்தாள்.

காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒன்றுமே இல்லை. சாப்பிட்டால் சாப்பிட்டேன், இல்லாவிட்டால் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடும், கண்டக்டர் திட்டினால் அதுவும் யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கும். அம்மாவுக்கு முதுகில் புண் வராமல் இருக்க ஒரு காற்று மெத்தை வாங்கியிருந்தேன், அதன் மோட்டார் உர்ரென்று ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருந்தது. வெறும் மெத்தைக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது, அதை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொந்தக்காரர்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில்தான் பின்கட்டு அறையில் பூச்சு வேலை நடந்தது. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க அந்த அறைதான். அதன் மேற்குச் சுவரில், தரையில் உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி ஒரு ஓட்டை இருந்தது. கை நுழைகிற அளவு. உள்ளேயிருந்து வெளியே மேல்நோக்கிச் சாய்வாகப் போனது. ஏதோ குழாய் விடக் குத்தியிருக்கிறார்கள், எலி வரும் என்று நினைத்தேன். மேஸ்திரி ஏழுமலையிடம் அடைத்துவிடச் சொன்னேன். செங்கல் துண்டு வைத்து இறுக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, தடவினால் தெரியாத மாதிரி முடித்துக் கொடுத்தான்.

எல்லாச் சுவரும் காய்ந்தது. அந்த இடம் மட்டும் காயவில்லை. ஒரு உள்ளங்கை அகலம், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினோம், மறுநாள் காலையில் அதே ஈரம். லாட்ஜ் பக்கம் இருக்கிற குறுகிய சந்தில் நானே ஒருக்களித்து நுழைந்து பார்த்தேன், குழாயும் இல்லை, கசிவும் இல்லை. செங்கல்லில் உப்பு ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழுமலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாமோ தெர்ல மேடம், நானும் எவ்ளோ செவுரு பூசியிருக்கேன், இது வேர்க்கற மாதிரி கீது" என்றான். நீ வேலையைப் பார் என்று ஒரு அதட்டு அதட்டினேன்.

தீபத்துக்கு முந்தின வாரம் சேகர் வந்து சுற்றிப் பார்த்தார். நேராக அந்த இடத்தில் போய்க் கை வைத்தார், அவர் கண்ணுக்குத்தான் அது முதலில் படும்.

"இந்த ஈரத்துல பசங்கள உக்கார வெக்கப் போறீங்களா? நாளைக்குச் செவுரு எறங்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"காஞ்சிடும் சார்."

"தீபத்தன்னிக்கு வந்து மறுபடி கை வெச்சுப் பாப்பேன். ஈரம் இருந்துச்சுன்னா இந்தப் பேச்சே வேணாம், இடிக்கறதுதான் நல்லது."

முரளி சார் தன் கைக்குட்டையை எடுத்து அந்த ஈரத்தைத் துடைத்துப் பார்த்தார். அவர் பிறந்த வீடு அது. அவரைப் பார்த்து நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும், ஆனால் எனக்கு அதுவும் வரவில்லை. ஒரு ஹாலஜன் விளக்கை வாடகைக்கு எடுத்து அந்தச் சுவருக்கு முன்னால் வைத்தேன். சுற்றியிருந்த பூச்சு சூட்டில் வெடித்தது, ஈரம் மட்டும் அப்படியே இருந்தது.

தீபத்தன்று சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. தெருப் பெண்களெல்லாம் வந்து முற்றத்தைச் சுற்றி அகல் விளக்குகளை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவது, அதுவரை மின்விளக்கைக்கூட அணைத்துவிடுவார்கள். லாட்ஜ் மறைத்தாலும் மொட்டை மாடியில் தெரு ஓரமாகப் போய் நின்றால் மலை உச்சி கொஞ்சம் தெரியும். அதனால் ஆண்களெல்லாம் மேலே போய்விட்டார்கள், தெரிந்ததும் கீழே குரல் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. முரளி சாரும் சேகரும் மேலேதான் இருந்தார்கள். தீபம் பார்த்துவிட்டு வந்து சுவரைப் பார்க்கலாம் என்று சேகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மா போய் வருஷம் திரும்பவில்லை, நான் விளக்கேற்றக் கூடாது. அந்தப் பெண்கள் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு மாதிரி இருந்ததால் பின்கட்டு அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சொதசொதவென்று இருந்தது. சரி, வீடு போயிற்று. போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான் நினைத்தேன்.

அறைக்குள் கும்மிருட்டு, வெளியே ஊரே பேசாமல் காத்துக்கொண்டிருந்தது. அப்போது முகத்தில் காற்று பட்டது. கதவு எனக்குப் பின்னால், காற்று முன்னாலிருந்து வந்தது. எனக்கு முன்னால் இருந்தது சுவர். நம்பினால் நம்புங்கள், அந்தச் சுவரில் என் கண்ணுக்கு நேராக ஊதுபத்தி நுனி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஹாலஜன் சூடு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், அதை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. புள்ளி பெரிதானது. ஆடியது. அதைச் சுற்றி இருட்டை விடக் கறுப்பாக மலையின் சாய்வு தெரிந்தது. குனிந்து கண்ணைக் கிட்டே கொண்டுபோனேன்.

வலது தோளில் ஒரு கை விழுந்தது. கனமே இல்லாத கை. காதுக்குப் பக்கத்தில், "கொஞ்சம் தள்ளிக்கோ, மறைக்குது" என்று ஒரு குரல். பயமுறுத்துகிற குரல் இல்லை, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் இருந்தது. நானும் சாதாரணமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் உதறுகிறது, யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்து இடம் விட்டேன். நான் நகர்ந்ததும் நான் விட்ட இடத்திலிருந்து, "தெரியுது" என்று சத்தமாக ஒரு குரல் போனது. உடனே முற்றத்தில் நெருப்புக்குச்சி உரசுகிற சத்தமும் வெளிச்சமும். அதற்கும் பிறகுதான் மாடியிலிருந்து அரோகரா என்று கூச்சல் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது யாரும் இல்லை. சுவர் சுவராக இருந்தது.

சேகர் செல்போன் வெளிச்சத்தோடு வந்தார், சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார், பிறகு புறங்கையை வைத்தார்.

"காஞ்சிடுச்சே" என்றார். விரல்களை உரசிப் பார்த்துவிட்டு, "சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று போய்விட்டார். சொன்னபடி கையெழுத்தும் போட்டார்.

முற்றத்தில் பொரி உருண்டை கொடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "மேடம், நீங்க உள்ளேர்ந்து குரல் குடுத்தது நல்லதாப் போச்சு, மாடியில இருந்தவங்க அதுவரைக்கும் வாயையே தொறக்கல" என்றாள். நான் குரல் கொடுக்கவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

முரளி சாரிடம் மட்டும் அந்த ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். அடைத்துவிட்டேன் என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அது எங்க அத்தைக்காக வெச்சதும்மா. சின்ன வயசுலயே கால் ரெண்டும் வராமப் போச்சு, அந்த ரூம்லயேதான் இருந்தாங்க. மாடிக்குத் தூக்கினு போனா வெக்கப்படுவாங்கன்னு தாத்தா செவுத்தக் கொடஞ்சு குடுத்தாரு. அதுல பாத்துட்டு அவங்க தெரியுதுன்னு சொன்னாத்தான் எங்க வூட்ல வெளக்கு. மாடியில எத்தினி பேர் கத்தினாலும் கணக்குல இல்ல."

"இப்ப அவங்க?"

"லாட்ஜு எழும்பின வருஷமே போயிட்டாங்க. அதுக்கப்பறம் அந்த ஓட்டையில எங்க மலை தெரியுது? அடச்சா என்ன, அடைக்காட்டி என்ன."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு மாடி லாட்ஜ் நிற்கிறது என்பதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஏழுமலையை வரச்சொல்லி அதை மறுபடி திறக்க வைத்தேன். வைத்த செங்கல் துண்டு வைத்தபடி இறுகிக் கிடந்தது, உளி வைத்துத்தான் எடுக்க முடிந்தது. குனிந்து பார்த்தேன். லாட்ஜின் சுவரும் ஒரு ஏசி பெட்டியின் முதுகும் தெரிந்தன, வேறொன்றும் இல்லை. இப்போது அதற்குக் கண்ணாடி போட்டிருக்கிறோம். படிக்க வருகிற பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு அதில் கண்ணை வைத்து அந்த ஏசி பெட்டியைப் பார்க்கிறார்கள்.

அது யார் குரல் என்று கேட்பீர்கள். தெரியாது. தெளிவான குரல், அம்மாவுடையது குழறல். வாதம் வருவதற்கு முன்னால் அம்மாவின் குரல் எப்படி இருந்தது என்று தீபத்தன்று ராத்திரி முழுக்க நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. ஒரு ரெக்கார்டிங் கூட என்னிடம் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் காற்று மெத்தையின் மோட்டாரை அணைத்தேன். புடவையை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன், வலது தோளில் சுண்ணாம்பு. ஐந்து விரலும் உள்ளங்கையும், இடது கை. அரைத்து அப்போதுதான் எடுத்த மாதிரி ஈரம். சுவர் காய்ந்துவிட்டதைத்தான் சேகரே தொட்டுப் பார்த்தாரே.

அந்தப் புடவையைத் துவைக்கவில்லை. மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். நடுவில் இரண்டு கோடை போய்விட்டது, நம்ம ஊர் வெயில் உங்களுக்கே தெரியும், பீரோவுக்குள் கற்பூரம்கூடத் தங்காது. நேற்றும் எடுத்துத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. முதலில் அது காயவில்லையே என்று பயந்துகொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு தடவை பீரோவைத் திறக்கும்போதும், காய்ந்திருக்குமோ என்றுதான் பயமாக இருக்கிறது.