சாப்பிட்ட பொறகு போடற மாத்திரை

உடம்புக்கு வெயில் பத்தலைன்னு டாக்டரம்மா சொன்னப்ப நான் சிரிச்சுப்போட்டேன். கூட வந்த என்ற ஊட்டுக்காரருக்குச் சிரிப்பு வல்லை, கோவம் வந்துருச்சு. "ஏனுங்க மேடம், எங்க மீனாட்சிபுரத்துல இல்லாத வெயிலு வேற எங்கீங்க இருக்குது?"ன்னு கேட்டாரு. அவரு கேட்டதுலயும் தப்பில்லை. விடிஞ்சா மாட்டுக்கிட்ட ஆரம்பிச்சு, புல்லறுத்து, சோளத்தட்டு சொமந்து, பொழுது எறங்கற வரைக்கும் காட்டுலயே கெடக்கறவ நான்.

அதுலயும் அந்த வருஷம் நான் கறுத்துக்கிட்டே வந்தேன். மொகம், கை முட்டி, ஏன், உள்ளங்கை ரேகை கூடக் கறுத்துப்போச்சு. பாக்கறவங்கெல்லாம் "வெயில்ல அலையாதே அம்முணி, கரிக்கட்டையாட்ட ஆயிட்டே"ன்னு துக்கம் விசாரிச்சாங்க. ரத்தத்தை எடுத்துப் பாத்தா வைட்டமின் டி அடிமட்டத்துல கெடக்குது. கறுத்துப்போனவளுக்கு வெயில் பத்தலையாம்! இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்றது?

டாக்டரம்மா மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாத்தான் வெளங்க வெச்சாங்க. கிட்னிக்கு மேல தொப்பி வெச்சாப்பல ரெண்டு சுரப்பி இருக்குதாம், அட்ரீனல்னு பேராம். அது எனக்கு வேலை செய்யறதை நிறுத்திப்போட்டுது. மேலு கறுக்கறது அதனால. நிக்க முடியாத அசதியும், எந்நேரமும் உப்புக்கு நாக்கு அலையறதும் அதனாலதான். கழுத்துல இருக்கற தைராய்டும் மந்தம். சரி, வெயிலு எங்கீங்க போச்சுன்னு கேட்டேன். "சேச்சி காட்டுக்குப் போறப்ப என்ன உடுப்பீங்க?"ன்னாங்க. எங்க பக்கம் பொம்பளைக காட்டு வேலைக்குச் சீலை மேல ஆம்பளைகளோட முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பித்தானை மாட்டி, தலையில துண்டைச் சுத்திக்குவோம். சோளத்தோகை கையை அறுக்காம இருக்கறதுக்கு. இத்தன வருஷமும் வெயிலு பூரா சட்டைக்குத்தான் போயிருக்குது.

மாத்திரைகளுக்கு ஆளுக்கொரு சட்டம். தைராய்டு மாத்திரை எந்திரிச்சதும் வெறும் வயித்துல. அதுக்கப்பறம் கொஞ்ச நேரம் டீத்தண்ணி தொடப்படாது. அட்ரீனல் மாத்திரை சாப்பிட்ட பொறகு. வைட்டமின் பொடி வாரத்துக்கு ஒருக்கா, பால்ல கலக்கி. அது போக, மத்தியான வெயில்ல கையும் காலும் தெரியற மாதிரி சித்த நேரம் உக்காரோணும்.

எனக்கு இந்த நோவை விடப் பெரிய வெசனம் என்ற மாடு. கன்னுக்குட்டியா இருக்கறப்பவே தாய் செத்துப்போயி, துணியைப் பால்ல நனைச்சு நனைச்சு நான் வளத்துனது. தலைச்சன் ஈத்து. என்னையத் தவிர வேற யாரு மடியில கை வெச்சாலும் ஒதைச்சுப்போடும். நான் ஒரு நாளு கறந்துக்கிட்டிருக்கறப்பவே தலை சுத்தி உக்காந்ததைப் பாத்துப்போட்டு ஊட்டுக்காரர் முடிவே பண்ணிட்டாரு. "உன்னால உன்னையவே தூக்க முடியலை புள்ள. அதைக் குடுத்துப்போடலாம். மாரியாத்தா கோயில் நோம்பி முடிஞ்சதும் தரகரை வரச் சொல்லியிருக்கேன்." நான் கத்துனேன், சோறு ஆக்காமப் படுத்தேன், ஒண்ணும் நடக்கலை. நோம்பிக்குள்ள தேறிக் காட்டுனாத்தான் மாடு எனக்கு.

அதனால வெயில் காயறதுன்னா வெயில் காயறதுன்னு எறங்கிட்டேன். சட்டையைக் கழட்டிப்போட்டு உச்சி வெயில்ல களத்துல போய் உக்காந்தேன். ஊரு உட்டாத்தானே! அந்த வழியாப் போன ஒரு அம்மா, "அய்யோ, மயங்கி உக்காந்துட்டியா?"ன்னு ஓடியாந்து கொடையைப் புடிச்சாங்க. மருந்துக்குங்கன்னு சொன்னேன். "மருந்துக்கு உக்காரு சாமி, வேண்டாங்கல. நெழல்ல உக்காரு"ன்னுட்டு அவங்க நகரவே இல்லை. மறுநாளு வேற ஒருத்தர் நெஞ்சு காஞ்சு போகும்னு எளநீ வெட்டிக்கிட்டு வந்து, நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் வெயிலை மறைச்சுக்கிட்டே நின்னாரு. அதுக்கடுத்த நாளு நான் கஞ்சி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள, அந்த எடத்துல நாலு குச்சி நட்டு தென்னங்கீத்துல பந்தலே போட்டு வெச்சிருக்காங்க. நாசமாப் போன பாசம்! கடைசியில மோட்டார் ரூமுக்குப் பொறத்தால ஒளிஞ்சு ஒளிஞ்சு வெயில் காஞ்சேன், ஏதோ களவாணி மாதிரி.

மாத்திரையும் வேலை செஞ்சுது. கால் ஊனி நிக்க முடிஞ்சுது. ஆனா நோம்பி நெருங்கியும் ஊட்டுக்காரர் தரகரை வர வேண்டாம்னு சொல்லலை. மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்: "தாயே, மாடு என்ற கையை உட்டுப் போகக்கூடாது. நோம்பியன்னைக்கு உனக்குப் பச்சைத்தண்ணி பல்லுல படாம ஒரு நாளு விரதம் இருக்கறேன்." மாட்டைக் காப்பாத்தறதுக்கு இருந்த விரதந்தான் என்னையக் கவுத்துப்போட்டுது.

மாத்திரையை மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. டப்பாவைக் கையில எடுத்து ரோசனை பண்ணித்தான் திருப்பி வெச்சேன். சாப்பிட்ட பொறகு போடோணும்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்குச் சாப்பாடே இல்லை. அப்பறம் பொறகு எங்கிருந்து வரும்? வெறும் வயித்துல போட்டுச் சட்டத்தை மீறக்கூடாதுன்னு பயபக்தியா உட்டுட்டேன். பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல, ஒரே வாந்தி. பால் கறக்கக் குந்துனவ, சொம்போட அப்படியே சாஞ்சுட்டேன்.

கண்ணு முழிச்சா பாலக்காட்டு ஆஸ்பத்திரி, கையில குளுக்கோஸ் ஊசி. டாக்டரம்மா தலைமாட்டுல நின்னாங்க. "மாத்திரை ஏன் போடலை?"

"சாப்பிடலீங்க."

"அது சரி. மாத்திரை ஏன் போடலை?"

"சாப்பிட்ட பொறகுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அவங்க வெளிய போயிட்டு, சித்த நேரங்கழிச்சுத் திரும்பி வந்தாங்க. வந்து என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, சோறு இருந்தாலும் இல்லாட்டியும், சாமியே எதுக்க வந்து நின்னாலும் அந்த மாத்திரையை உடக்கூடாது, உட்டா உசுரு போயிரும்னு ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க.

அடுத்த நாளு பக்கத்து ஊட்டு அக்கா என்னையப் பாக்க வந்துச்சு. வந்ததும் அழுகும்னு பாத்தா, கட்டல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு. அக்கா சொல்லித்தான் ஊட்டுல நடந்த கதை தெரிஞ்சுது.

காலையில மடி கல்லாட்ட இறுகி மாடு கத்தியிருக்குது. ஊட்டுக்காரர் கிட்டப் போனாரு, ஒரு ஒதை. என்ற காட்டுச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனாரு, இன்னொரு ஒதை. தலையில என்ற துண்டைச் சுத்துனாரு, சொம்பு நசுங்கிப்போச்சு. கடைசியில என்ற சீலையைக் கட்டி, மேல சட்டை போட்டு, துண்டைச் சுத்தி, "வா தங்கம், என்ற கண்ணல்ல, நில்லு சாமி"ன்னு என்னைய மாதிரியே கீச்சுக் கொரல்ல கொஞ்சியிருக்காரு. மீசை வெச்ச மனுசன்! மாடு மோந்து பாத்துட்டு, சரி போனாப் போகுதுன்னு பாலை எறக்கியிருக்குது.

அந்த நேரம் பாத்துத் தரகர் வந்துட்டாரு, கூடவே மாடு வாங்கற ஆளும். பொறத்தால இருந்து பாத்தா நானேதான். "ஏனுங்க அக்கா, ஊட்டுக்காரர் இல்லீங்களா?"ன்னு கேட்டிருக்காரு. இவருக்கு வேற வழியில்லை. கொரலை மாத்துனா மாடு பாலை நிறுத்திப்போடும். திரும்பாமயே, "வெளிய போயிருக்காருங்க"ன்னு என்ற கொரல்ல சொல்லியிருக்காரு. "மாடு விக்கறதாச் சொன்னாருங்களே?"ன்னதுக்கு, "இல்லீங்க, இதைக் குடுக்கறாப்பல இல்லீங்க. இனி இதுக்குன்னு இந்தப் பக்கம் வராதீங்க"ன்னு சொல்லித் தொரத்தியே உட்டுட்டாராம். தரகரு போறப்ப, "அக்கா ரொம்ப வெடுக்குன்னு பேசறாங்க"ன்னு பக்கத்து ஊட்டு அக்காகிட்டச் சொல்லிட்டுப் போனாராம்.

பொழுதோட அவரு இட்லிப் பொட்டணத்தோட வந்தாரு. எனக்குச் சிரிப்பும் கோவமும் ஒண்ணா வந்துது. "நான் கத்திக் கத்திச் சொன்னப்ப கேக்காத மனுசன், இப்ப ஏனுங்க விக்கலைன்னு சொன்னீங்க?"

அவரு பொட்டணத்து நூலைப் பிரிச்சுக்கிட்டே இருந்தாரு. "விக்கறம்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன் புள்ள. உன்ற கொரல்ல அது வரவே மாட்டீங்குது."

நான் குலுங்கிக் குலுங்கி அழுதுட்டேன். பக்கத்துக் கட்டல் அம்மா பயந்துபோயி நர்ஸைக் கூப்பிட்டுட்டாங்க. அந்தப் புள்ள ஓடியாந்து பிரஷர் பாத்துச்சு. கீழயே கெடந்த பிரஷர் ஏறிருச்சுன்னு அதுக்கு ஒரே சந்தோசம். "என்ன மருந்து கொடுத்தீங்க?"ன்னு அவரைக் கேட்டுச்சு.