இருபது பேரும் வந்திருந்தனர்

ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு, பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவு வரும் வரும் என்று நான் வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷம் அது. எனக்கு இருபத்தொரு வயது. செஞ்சியில், ராஜகிரி மலை தெரிகிற ஒரு தெருவில் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது யாராவது, பெண்ணுக்கு உத்தரவு வந்துவிட்டதா என்று அவரைக் கேட்பார்கள். அவர் வீட்டுக்கு வந்து அதையே என்னிடம் கேட்பார், உத்தரவை நான்தான் எங்கேயோ ஒளித்து வைத்திருப்பதுபோல.

அப்போதுதான் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் முதியோர் கல்விக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. கிராமத்துப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டும். தற்காலிக வேலை. எனக்குக் கொடுத்த ஊர், பஸ்ஸில் இருபது நிமிஷம் போய் இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டிய ஊர். வகுப்பு நடக்கவேண்டிய இடம் பஞ்சாயத்து ரேடியோ இருக்கும் கட்டடம். நேரம் பிற்பகல் மூன்று மணி.

முதல் நாள் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் என்னை வரவேற்று, இருபது பெயர் எழுதிய வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார். நல்ல மனுஷர். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்பார். பதிலுக்கு நிற்க மாட்டார். நான் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். நான்காவது பெயருக்கு உரியவள் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏழாவது பெயர்க்காரி திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். தலைவர் ஓட்டர் லிஸ்டைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது பத்தாவது பெயருக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் பதினோரு பேர். ஆபீசில் போய்ச் சொன்னேன். பதிவேட்டில் இருபது பேர் இருக்கும்போது பதினோரு பேருக்கு எப்படி வகுப்பு நடத்துவீர்கள் என்று குமாஸ்தா என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்தப் பதினோரு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். விதைக்கடலை உடைக்கும் பருவம் வந்ததும் அவர்களும் நின்றுவிட்டார்கள். நான் மூன்று நாள் ரேடியோவோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் கரும்பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு கடலை உடைக்கும் களத்துக்கே போய்விட்டேன். அவர்கள் கை நிற்காமல் கடலை உடைப்பார்கள். நான் வேப்பமரத்தில் பலகையைச் சாய்த்து எழுதிப் போடுவேன். வாய் சும்மாதானே இருக்கிறது, அது படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எழுதிப் பழகுவதற்குக் கடலைத் தோலைத் தரையில் பரப்பி எழுத்து செய்வார்கள். காற்று அடித்தால் பாடம் மறுபடி முதலிலிருந்து.

அவர்களில் ஒரு அக்கா இருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒல்லியாக, நெட்டையாக, எதையும் சத்தமாகவே பேசுகிறவள். அவள் படிப்பதும் அப்படித்தான், தூரத்தில் போகிற ஆளைக் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு எழுத்தையும் கூப்பிடுவாள். கேள்வி அதிகம் கேட்பாள். ழ எழுதிக் காட்டிய அன்று, "ளவும் இதுவும் ஒரே சத்தமாத்தானே கீது. அப்புறம் இன்னாத்துக்கு டீச்சரு ரெண்டு எழுத்து?" என்றாள். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி நாக்கை மடித்துக் காட்டினேன். பதினோரு பேரும் நாக்கை மடித்தார்கள். என் நாக்கைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார்கள். கடைசியில் ஒருத்தி, டீச்சர் போன வாரம் கோளிக்கொளம்பு என்றுதானே சொன்னது என்று நினைவுபடுத்தினாள். அதோடு அந்தப் பாடத்தை விட்டுவிட்டேன்.

ஆறு மாதத்தில் அந்த அக்கா கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறவளாகிவிட்டாள். பொட்டலம் கட்டிய காகிதத்தைப் படிக்காமல் பிரிக்க மாட்டாள். அவலூர்பேட்டைச் சந்தையில் கடைப் பெயர்ப்பலகை ஒன்றைச் சத்தம் போட்டுப் படித்து முடிக்கும்வரை கூட்டத்தை நிறுத்தி வைத்தாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆய்வுக் கடிதம் வந்தது. யூனியன் சேர்மனும், சமூகக் கல்வி அதிகாரியும் வந்து முதியோர் வகுப்பைப் பார்வையிடுவார்கள் என்று அதில் இருந்தது. தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, பதிவேட்டில் இருபது இருந்தால் தரையிலும் இருபது உட்கார வேண்டும், அதைத் தன் பொறுப்பில் விட்டுவிடும்படி சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நைனா என்ன பதில் சொல்வார் என்று யோசித்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

தலைவர் ஒன்பது பேரைக் கொண்டுவந்தார். எல்லாரும் வசதியான வீட்டுப் பெண்கள், எல்லாருக்கும் படிக்கத் தெரியும். அவருடைய மனைவி எட்டாவது வரை படித்தவர். அவருடைய தம்பி மனைவி புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள். படிக்காதவர்களை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டேன். அதிகாரி கேள்வி கேட்டால் அவர்களுக்குப் பதில் தெரியாதே என்றார். அப்படியானால் இவர்கள் எல்லாவற்றையும் படித்துவிடுவார்களே என்றேன். அதுவும் வேண்டாம், சந்தேகம் வரும், பாதி தெரிந்ததுபோல இருக்கட்டும் என்றார்.

ஆகவே நான் ஒன்பது பேருக்குப் படிக்கத் தெரியாமல் இருப்பது எப்படி என்று பாடம் எடுத்தேன். இரண்டு நாள் ஒத்திகை. அதைவிடக் கஷ்டமான பாடத்தை நான் பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தும் எடுத்ததில்லை. பலகையில் 'மரம்' என்று எழுதி, தயங்கித் தயங்கிச் சொல்லுங்கள் என்றால், தலைவரின் மனைவி மரம் என்று உடனே சொல்லிவிட்டுப் பிறகு தயங்குவார்.

ஆய்வு நாள் வந்தது. இடம் களமல்ல, பழைய ரேடியோக் கட்டடம். உண்மையான பதினோரு பேரையும் அன்றைக்குக் கூலி வேலையிலிருந்து நிறுத்தி வரவழைத்திருந்தார் தலைவர். ஆனால் புடவை பழசாக இருக்கிறது என்று கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். பட்டுக்கரைப் புடவைகள் முன்னால் உட்கார்ந்தன. அக்கா என்னைப் பார்த்தாள். நான் பலகையைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வரவேண்டிய ஜீப் ஐந்து மணிக்கு வந்தது. சேர்மன் கடலை மண்டி வைத்திருக்கிறவர், பெரிய உடம்பு, குறைவான பேச்சு. அதிகாரி மெலிந்தவர், கையில் பைல், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர்களுக்கு அது மூன்றாவது ஊர். மாலை போட்டார்கள், காபி கொடுத்தார்கள். பிறகு அதிகாரி முன்வரிசையில் ஒரு பெண்ணை எழுப்பி, 'ப' எழுத்தைக் காட்டினார். அது தலைவரின் தம்பி மனைவி. அவள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, பார்த்த மாதிரி இருக்கிறது, ஆனால் தெரியவில்லை என்றாள். அடுத்தவள் அதை 'ட' என்றாள். மூன்றாமவள் எழுந்து நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கி, உட்காரச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. பாதி தெரிந்ததுபோல இருங்கள் என்று சொல்லியிருந்தேன். பயத்தில் எல்லாருக்கும் முழுதாக மறந்துவிட்டது.

ஆறு மாதமாக என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று அதிகாரி என்னைக் கேட்டார். தலைவர் நிலைமையைச் சரிசெய்ய நினைத்துத் தன் மனைவியைப் பலகையில் பெயர் எழுதச் சொன்னார். அவர் சாக்பீசை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார், ஒரு கோடு போட்டார், அழித்தார். அதிகாரி பரிதாபமாக, பரவாயில்லையம்மா, உங்களால் முடியாது, விட்டுவிடுங்கள் என்றார். முடியாது என்ற சொல்லை அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. ஒரே இழுப்பில் பெயரை எழுதினார், முன்னால் இங்கிலீஷில் இனிஷியல் போட்டார், கீழே கோடு இழுத்துப் புள்ளியும் வைத்தார்.

சேர்மன் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்கிலீஷும் உண்டா டீச்சர்?" என்றார்.

அதிகாரி வேறொன்றும் கேட்காமல் பைலைத் திறந்து, ஒரு தாளை எடுத்துச் சேர்மன் முன்னால் கையெழுத்துக்கு வைத்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். "எங்களை யாரும் ஒண்ணும் கேக்கலியே. நாங்க இன்னா கூலி வுட்டுட்டுக் குந்தறதுக்கா வந்தோம்? நானும் படிக்கிறேன்" என்றாள். தலைவர் அவளை உட்காரச் சொன்னார். சேர்மன் படிக்கட்டும் என்றார். பாடப்புத்தகங்கள் முன்வரிசைக்காரர்கள் மடியில் இருந்தன, யாரும் நீட்டவில்லை. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, மேஜைமேல் இருந்த அந்தத் தாளையே எடுத்துக்கொண்டாள்.

தாளை அதிகாரி கைப்பட எழுதியிருந்தார்; அவர் எழுத்து அச்சுப்போல உருண்டையாக இருக்கும். அவர் கையை நீட்டுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள், வழக்கமான குரலில், ஒவ்வொரு எழுத்தாக.

"இன்று மாலை மூன்று மணிக்கு மையத்தைப் பார்வையிட்டோம். இருபது பேரும் வந்திருந்தனர். எல்லோரும் நன்றாக வாசித்தனர்."

அவள் என்ன படிக்கிறாள் என்பது அவளுக்கே அப்போது தெரியாது என்று நினைக்கிறேன். எழுத்துப் பிழையில்லாமல் போகிறதா என்பதில்தான் அவள் கவனம் இருந்தது. நடுநடுவே என்னைப் பார்த்தாள். தலையாட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"பிறகு இளைஞர் மன்றத்தைப் பார்வையிட்டோம். இளைஞர்கள் கைப்பந்து விளையாடினர். அவர்களுடைய ஆர்வம் பாராட்டத் தக்கது."

இங்கேதான் அவள் நின்றாள். தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, நம்ம ஊரில் இளைஞர் மன்றம் எங்கே இருக்கிறது என்று தலைவரைக் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சேர்மன் எழுந்தார். மன்றத்துக்கு வலை, பந்து, கேரம் பலகை எல்லாம் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பியதாகவும், வந்ததோடு பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். தலைவர் முன்னால் நடக்க, சேர்மனும் நானும் இருபது பெண்களும் அதிகாரியும் டிரைவரும் பின்னால் போனோம். மன்றம் என்று தலைவர் காட்டிய அறையில் பூட்டு தொங்கியது. திறந்தால் உள்ளே முழுக்க அவர் வீட்டுக் கடலை மூட்டை. கைப்பந்து வலை எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே அவருடைய புடலைப் பந்தலில் ஆடு ஏறாமல் சுற்றிக் கட்டியிருந்தது. மூன்று புடலங்காய் வலைக்கண்ணில் மாட்டித் தொங்கின. கேரம் பலகையில் அவர் மனைவி வடாம் காயவைக்கிறார் என்பதைத் தம்பி மனைவி தானாகவே சொன்னாள். அவர்களுக்குள் என்ன சண்டையோ தெரியவில்லை.

மன்றச் செயலாளரைக் கூப்பிடுங்கள் என்றார் சேர்மன். ஏர் ஓட்டிவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் துண்டை இடுப்பில் கட்டியபடி வந்து கும்பிட்டார். அவர் பெண்ணுக்குப் போன தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. உமக்கு வயது என்ன என்று சேர்மன் கேட்டார். மன்றத்துக்கா, நிஜத்துக்கா என்று அவர் கேட்டார்.

சேர்மன் அப்போதுதான் சிரித்தார். உடம்பு முழுக்கக் குலுங்கியது. கடலை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்ததும் ஊரே சிரித்தது; அதிகாரி மட்டும் தாளைச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு அடங்கியபின் சேர்மன் என்னைக் கூப்பிட்டு, யார் யார் உன் மாணவிகள் என்று கேட்டார். கடைசி வரிசைப் பதினோரு பேரையும் காட்டினேன். வகுப்பைக் களத்தில் நடத்துவதையும் சொல்லிவிட்டேன். அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள். அவளிடம் முகம் கொடுத்துப் பேச முடியாமல், உன்னைப் பின்னால் உட்காரவைத்தது என் தப்பு என்றேன். "சரி வுடு டீச்சரு" என்றாள். "ஆனா நல்லாப் படிச்சேனா இல்லியா?"

அதிகாரியை அந்த மூட்டைமேலேயே உட்காரவைத்துப் புதிதாக எழுதச் சொன்னார் சேர்மன். தலைவருக்கு, வலையை அவிழ்க்க ஒரு வாரம் கெடு கொடுத்தார். காய் முற்றும்வரை பத்து நாள் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். எழுதி முடித்த தாளை அதிகாரி தானாகவே அக்காவிடம் நீட்டினார். அவள் முழுவதையும் படித்துவிட்டு, பதினோரு என்பதில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது என்றாள். அவர் பேனாவைத் திறந்து போட்டார்.

அதன்பிறகு அதிகாரி மாதம் ஒருமுறை சொல்லாமல் வருவார். நேரே களத்துக்கு வந்து, உட்கார்ந்து, கேள்வி கேட்டுக்கொண்டே கடலையும் உடைப்பார். அவர் உடைத்ததில் பாதி பருப்பு பிளந்திருக்கும். பெண்கள் அதைத் தனியாக ஒதுக்கிவைத்து அவருக்கே கொடுத்தனுப்புவார்கள்.

எனக்குத்தான் இரண்டு மாதம் கழித்து ஒரு மெமோ வந்தது. அது அவர் அனுப்பியதல்ல. பதிவேட்டை மட்டும் பார்க்கிற குமாஸ்தா அனுப்பியது. இருபதாக இருந்த வருகை பதினொன்றாகக் குறைந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும் என்று கேட்டிருந்தார். நான் ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்து, இரண்டு வரியில் பதில் எழுதினேன். ஆய்வு நாளில் வந்திருந்தவர்களில் ஒன்பது பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆகவே அவர்கள் வகுப்புக்கு வருவதில்லை.

அந்த வருஷம் யூனியன் ஆபீசில் நடந்த விழாவில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆறே மாதத்தில் ஒன்பது பெண்களை எழுத்தறிவு பெறச் செய்து வகுப்பைவிட்டு அனுப்பியதற்காகப் பாராட்டுப் பத்திரமாம். கொடுத்தவர் சேர்மன். பத்திரத்தில் இருந்ததை அவரே மைக்கில் படித்தார். ஒன்பது என்ற இடம் வந்ததும் நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். என்னிடம் நீட்டும்போது, "வாங்கிக்கம்மா, ஆபீஸ் குடுக்குது" என்று மெதுவாகச் சொன்னார்.

நைனா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும் என்றார். நான் ஆணி இல்லை என்றேன். கொத்தனார் வீட்டில் ஆணி இல்லை என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.