லைன்மேனை நான் உள்ளே விடவில்லை

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பாம்பனில் வாடைக்காற்று பலமாக வீசும் கார்த்திகை மாதம். சவுதியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டு ஊர் திரும்பியிருந்தார். பாரம் தூக்கக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில். வீட்டுக்கு இருந்த ஒரே பிடிமானம் என்னுடைய வேலைதான். சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு, வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம்.

அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டு இன்டர்நெட்டுக்கு ஸ்டேட்டிக் ஐபி இருக்க வேண்டும். சாதாரண இணைப்பில், இணையத்தில் நம் வீட்டை அடையாளம் காட்டும் ஐபி நம்பர் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்குமாம். ஸ்டேட்டிக் என்றால் மாறாது. அந்த ஒரே நம்பரிலிருந்து வந்தால்தான் கம்பெனியின் கம்ப்யூட்டர் நம்மை உள்ளே விடும்.

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. ஆனால் இணைப்பு கொடுத்த ராமநாதபுரம் அலுவலகத்தில், கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும்தான் அதெல்லாம், வீடுகளுக்குக் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். எனக்காக அலைந்தவர் அந்த அலுவலகத்துக்காக எங்கள் பகுதியில் கேபிள் வேலை பார்த்த லைன்மேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர். கம்பெனி கொடுத்த கடிதத்தையும் ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு மூன்று தடவை போனார். இணைப்பு என் மாமனார் பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பெயர் மாற்றும் படிவத்தையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். கடைசியில் ஒரு நாள் வந்து, வீட்டில் இருக்கும் ரௌட்டர் பெட்டியில் அந்த நம்பரைப் பதிந்துவிட்டு, "இனி இது ஒங்க நம்பருதான்க்கா. யாருக்கும் போகாது" என்றார். அவர் இல்லாவிட்டால் எனக்கு அந்த வேலையே இல்லை.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை லாகின் செய்தால் 'அனுமதி இல்லை' என்று வருகிறது. யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் போகிறது, கம்பெனி மட்டும் திறக்கவில்லை. தேடிப் பார்த்தால் எங்கள் வீட்டு நம்பர் வேறு ஏதோவாக இருந்தது. சென்னையிலிருந்து மேலதிகாரி அம்மா போன் செய்து, மதியத்துக்குள் வராவிட்டால் என் பங்கு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும், நிரந்தரம் செய்யும்போது இதையெல்லாம் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். லைன்மேனுக்கு நாலைந்து தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

முந்தின சனிக்கிழமைதான் எங்கள் தெரு முனையில் வந்திருக்கும் புது லாட்ஜுக்கு அவர் லைன் இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "அப்ப ஒன் நம்பரத் தூக்கி அங்கன குடுத்திருப்பான். லாட்ஜுக்காரவுக நல்லா கவனிச்சிருப்பாக" என்றார். எனக்கு ஏற்கெனவே கோபம் மூக்குக்கு மேல். இது போதாதா? இன்டர்நெட் அலுவலகத்துக்குப் போன் செய்து கத்தினேன். அப்படியும் ஆத்திரம் அடங்காமல், எனக்குக் கொடுத்த நம்பரை உங்கள் லைன்மேன் லாட்ஜுக்கு விற்றுவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினேன். கண்ணால் பார்த்தவள் மாதிரி எழுதினேன்.

மதியம் தாண்டி அவர் வந்தார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். "பாலத்துக்கிட்ட கேபிள் அறுந்து கெடந்துச்சுக்கா. போனு வண்டியில இருந்துச்சு. நான் எதையும் தொடலக்கா. உள்ள வந்து பொட்டிய ஒரு தடவ பாக்கவா?" என்றார்.

"ஒண்ணும் பாக்க வேணாம். ஆபீஸ்ல வேற ஆள் அனுப்புறேன்னுட்டாக" என்று சொல்லி நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வேறொருவர் வந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்ததுமே கேட்டார்: "இந்தச் சின்ன ஓட்டைக்குள்ள ஊசி கீசி விட்டீகளா? உள்ள ஒரு பட்டன் இருக்கு. அத அமுக்குனா எல்லாம் அழிஞ்சு போயிரும். சாதாரண நெட்டு தானா திரும்பி வந்துரும், ஒங்க நம்பர மட்டும் மறுபடி போடணும்."

எங்கள் கரையில் உப்புக்காற்று படியாத பொருள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் மின்சாதனங்களைத் துடைத்து, சார்ஜர் துளை, மிக்ஸி இடுக்கு என்று எல்லாவற்றிலும் ஊக்கை விட்டு உப்பை நோண்டி எடுப்பது இங்கே வீட்டு வேலைகளில் ஒன்று. முந்தாநாள் அந்தப் பெட்டியையும் நான்தான் நோண்டினேன்.

"இல்லையே, யாரும் தொடலையே" என்றேன். பொய். ஏன் சொன்னேன் என்று கேட்டால், பயம், வெட்கம், இரண்டும்தான். அவர் ஐந்து நிமிடத்தில் நம்பரைப் பதிந்து கொடுத்துவிட்டு, "பழைய ஆள நேத்தே நிறுத்திட்டாக" என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் அலுவலகத்துக்குப் போய், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் அதைப் படித்துவிட்டு, "இத அன்னைக்கே சொல்லிருக்கணும்மா. அந்த ஏரியாவுக்கு ஆள் போட்டாச்சு" என்று காகிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டார்.

லைன்மேனை விசாரித்துக்கொண்டு போனேன். படகுத்துறையில் ஐஸ் பெட்டி சுமந்துகொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், கையெல்லாம் விறைத்துச் சிவந்திருந்தது. நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்க்கா. மத்த நெட்டு வருது, நம்பர் மட்டும் போயிருச்சுன்னா அது அந்தப் பட்டன் வேலைதான். இங்கன பாதி வீட்ல இப்படித்தான் நோண்டிப்புடுறாக. அதப் பாக்கத்தான் உள்ள வரவான்னு கேட்டேன்."

"அப்பவே வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல தம்பி?"

"சொல்லிருந்தா நம்பிருப்பீகளாக்கா?"

அதற்குள் யாரோ கூப்பிட, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எனக்கு வேலை நிரந்தரமானது. அவரை அலுவலகத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. இப்போது திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அன்று வாசலில் வைத்து அவர் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது என்பதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.